கோலியர்ஸ் வுட்டில் பத்தியக் குழம்பு

என்னைச் சமையல்காரனாக்கியது ஜப்பான். பாளையங்கோட்டையில் இருந்தவரை, தட்டு முன்னால் வந்தால் சாப்பிடுவேன், வராவிட்டால் சத்தம் போடுவேன். அவ்வளவுதான் எனக்கும் சமையலுக்கும் இருந்த உறவு. வேலை கிடைத்துச் சிபாவுக்குப் போன புதிதில், எண்ணெய் என்று நினைத்து ஒரு பாட்டிலை வாங்கிவந்து வாணலியில் ஊற்றிக் கடுகைப் போட்டேன். கடுகு வெடிக்கவே இல்லை, நீந்திக்கொண்டிருந்தது. ஜப்பான்காரர்கள் சமையலில் சேர்க்கிற இனிப்பு மது அது என்று பக்கத்து வீட்டு அம்மாள் மோந்து பார்த்துச் சொன்னார்.

அந்த அம்மாளிடமும் என் அம்மாவின் போனிடமும் மாறி மாறிப் பாடம் கேட்டு ஒரு வழியாகத் தேறினேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போய்விடுவதால் வீட்டுச் சமையல் இப்போது முழுக்க என் பொறுப்பு. கடற்பாசி போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் ரசம் வைப்பேன். முழங்கை நீளத்துக்குக் கிடைக்கிற வெள்ளை முள்ளங்கியில் சாம்பார். பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறேன், குளிர்காலத்தில் அதற்குப் பழைய ஸ்வெட்டரைச் சுற்றிவிடுவேன். அம்மாவுக்கு இதிலெல்லாம் ஒரே பெருமை. அந்தப் பெருமைதான் என்னை லண்டனுக்குத் துரத்தியது.

என் தங்கை செல்வி லண்டனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கல்யாணம் செய்துகொண்டது ரமணன் என்ற யாழ்ப்பாணத்துப் பையனை. சின்ன வயதிலேயே லண்டனுக்குப் போய் வளர்ந்தவர், தங்கமான மனுஷன். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீட்டிலிருந்து யாராவது போய்ப் பத்தியம் ஆக்கிப்போட வேண்டாமா? அம்மாவை டாக்டர் விமானத்தில் ஏறவே கூடாது என்றுவிட்டார்.

"ஏல, நீ போ. ஒனக்குத்தான் நல்லா ஆக்கத் தெரியுமே. ஆம்பளன்னு வெக்கப்படாத. அவ ஒழுங்காச் சாப்பிடலயாம்ல" என்றாள் அம்மா. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் ஒருமாதிரி ஆகிவிட்டது. நான் லீவு போட்டேன்.

செல்வியின் வீடு தெற்கு லண்டனில் கோலியர்ஸ் வுட்டில், வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்தது ரமணனின் அம்மா. செல்வி அவரை மாமி என்பாள், நானும் மாமி என்றே வைத்துக்கொண்டேன். "வாங்கோ தம்பி, களைச்சுப் போயிருப்பீங்கள். பாண் இருக்கு, சாப்பிடுறீங்களே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜப்பானிலும் ரொட்டிக்குப் பான்தான். போர்ச்சுக்கீசியக் கப்பல்காரன் இரண்டு கரையிலும் இறங்கி ஒரே சொல்லை விற்றுவிட்டுப் போயிருக்கிறான், இடையில் எங்கள் பாளையங்கோட்டையை மட்டும் எப்படி விட்டான் என்று தெரியவில்லை. இந்த ஆராய்ச்சியை மாமியிடம் விளக்கிக்கொண்டே நாலு துண்டு பாண் சாப்பிட்டேன்.

பிறகுதான் செல்வியைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். குழந்தை கொழுகொழு என்று இருந்தது, அதற்கு ஒரு குறையும் இல்லை. "எதுக்குண்ணே அவ்ளோ தூரத்துலருந்து வந்த" என்றாள். சண்டை போட்டால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன். இது சும்மா கேட்ட கேள்வி.

மத்தியானம் மாமி ஒரு தட்டில் சோறும் குழம்பும் கொண்டுபோய் அவள் அறையில் வைத்தார். அரைமணி நேரம் கழித்து அந்தத் தட்டு அப்படியே திரும்பி வந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு கவளம் எடுத்த பள்ளம் இருந்தது. மாமி அதைக் குப்பைத்தொட்டியில் வழித்தார். "இப்பிடித்தான் தம்பி ஒவ்வொரு நாளும். நான் என்ன செய்யிறது சொல்லுங்கோ" என்றார் என்னைப் பார்க்காமலே.

மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் வந்தாள். ஆப்பிரிக்கப் பெண், நல்ல உயரம், சிரித்த முகம். குழந்தையை நிறுத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். செல்வியை நிறுத்துப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. வாசலில் வைத்து என்னிடமும் ரமணனிடமும் சொன்னாள்: "உடம்பில் ஒன்றும் வியாதி இல்லை. ஆனால் சாப்பிட வேண்டும். அடுத்தமுறை நான் வரும்போதும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லித்தான் எழுதவேண்டி வரும்." ரமணன் அந்தக் குளிரிலும் செருப்பில்லாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். இதற்குத்தானே வந்திருக்கிறோம்! எங்கள் பக்கத்துப் பத்தியக் குழம்பு வைத்தேன். மிளகும் பூண்டும் சுக்கும் நல்லெண்ணெயில் வதக்கி, புளியை அளவாகக் கரைத்து, அம்மா போனில் சொன்னபடி இம்மி பிசகாமல். அடுப்படியை மாமி குசினி என்பார், அந்தக் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. செல்வி ஒரு வாய் வைத்தாள். மென்றாள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "அம்மா அங்க சாப்பிடாமக் கெடக்கா ஒன்னால" என்று கத்திவிட்டேன். குழந்தை முழித்து அழுதது. மாமி வந்து தூக்கிக்கொண்டு போனார்.

கோபம் தணிந்ததும் ஞாயம் கண்டுபிடித்தேன். குழம்பில் காரல் கருவாடு இல்லை. லண்டனில் கிடைக்காது என்று அம்மா விட்டுவிட்டாள், அதுதான் குறை! எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குக் காரல் போடாமல் குழம்பு வைத்தால் பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்துவிடுவாள். வெம்பிளியில் கிடைக்கலாம் என்றார் ரமணன். மறுநாள் லண்டனின் தெற்கு மூலையிலிருந்து வடமேற்கு மூலைக்கு ஒரு பொட்டலம் கருவாட்டுக்காகப் போனேன். வெம்பிளிக் கடைவீதியில் குஜராத்திக்காரர்களின் நகைக்கடை, புடவைக்கடை எல்லாம் தாண்டி, ஒரு தமிழ்க் கடையின் கடைசி அலமாரியில் காரல் இருந்தது. முத்தம் கொடுக்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போதுதான் வினை. பிளாஸ்டிக் உறையில் எங்கோ ஓட்டை போலிருக்கிறது. ரயில் பெட்டி முழுக்கக் காரல் மணம். ஜப்பானாக இருந்தால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், அடுத்த ஸ்டேஷனில் பெட்டி காலியாகிவிடும், நமக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்னும். லண்டனில் எதிரே இருந்த கிழவர் பேப்பரைத் தாழ்த்தி என் பையைப் பார்த்தார். "சாப்பிடும்போதாவது நன்றாக இருக்குமா?" என்று கேட்டார். நான் இருக்கும் என்றேன். "கடவுள் புண்ணியம்" என்றுவிட்டு மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். அவருக்கு அடுத்திருந்த பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

ஜப்பானில் அப்போது நடுச்சாமம், என் உடம்பு இன்னும் அந்தக் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி மாறி நார்தர்ன் லைனில் ஏறி உட்கார்ந்தவன் தூங்கிப்போனேன். யாரோ தோளைத் தட்டினார்கள். மோர்டன். வண்டி அதற்கு மேல் போகாது, எல்லாரும் இறங்கியாயிற்று. எதிர்ப் பக்கம் வண்டி ஏறினால் கோலியர்ஸ் வுட் இரண்டாவது ஸ்டேஷன், ஆனால் நான் கெட்டிக்காரத்தனமாக வெளியே வந்து பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் பஸ் தானாகவே பேசியது. இந்தப் பேருந்து சேரும் இடம் மாற்றப்பட்டிருக்கிறது, அடுத்த நிறுத்தத்தோடு சரி என்றது. எனக்கு முன்னால் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் போனில், "ஓமடி, இறக்கி விட்டிட்டாங்கள். இனி நடக்க வேண்டியதுதான், கால் ஏலாது" என்றபடி இறங்கினார். ஜப்பானில் ரயில் ஒரு நிமிஷம் தாமதமானாலே குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே நடு ரோட்டில் இறக்கிவிடுகிறார்கள், இறங்கியவர்கள் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். நானும் நன்றி சொன்னேன். தூறலில் கருவாட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடுவரை நடந்தேன்.

மாமி கருவாட்டை மோந்துவிட்டு, "தம்பி, குறை நினையாதேங்கோ, இதை வெளியிலை வைப்பம்" என்று தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. பசி காதை அடைத்தது. பெட்டியில் எனக்கென்று கொண்டுவந்திருந்த ஜப்பான் சாமான்களைத் திறந்தேன். அரிசியைக் குழையக் குழைய வேகவைத்து, சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்கிற மிசோ விழுதைக் கரைத்து ஊற்றி, மேலே ஒரு உப்புப் பழ ஊறுகாயை வைத்தேன். உடம்பு சரியில்லாதபோது பக்கத்து வீட்டு அம்மாள் எனக்குக் கொடுத்துப் பழக்கிய கஞ்சி இது.

முதல் கரண்டி வாய்க்குப் போகும் நேரம் செல்வி குசினிக்குள் வந்தாள். வெந்நீர் எடுக்க வந்தவள். "என்னண்ணே இது, அழுக்குத் துணிய வேகவச்ச மாதிரி ஒரு வாடை?" என்று பக்கத்தில் வந்தாள். என் கையிலிருந்த கரண்டியை வாங்கி ஒரு வாய் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். அப்புறம் இன்னொரு வாய். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். நான் மூச்சுவிடவும் பயந்து நின்றேன். கிண்ணம் காலியாகி, ஊறுகாய்க் கொட்டையையும் சப்பித் துப்பினாள்.

"அம்மா குழம்பு வேண்டாம், இந்தச் சப்பான் கஞ்சி எறங்குதாக்கும்?" என்றேன்.

கொட்டையைக் கிண்ணத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். "மாமி வைக்கிற குழம்பு கிட்டத்தட்ட அம்மா குழம்பு மாதிரியே இருக்குண்ணே. நேத்து நீ வச்சதும் அப்படித்தான். மொதல் வாய் வச்சதும் அம்மா வந்துட்டான்னு இருக்கு. ரெண்டாவது வாய்ல அம்மா இல்லன்னு ஆயிருது. தொண்ட அடச்சிக்கிடுது. வேற மாதிரி எதாவது இருந்தாச் சாப்பிட்டிருவேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து யார் முன்னாலும் அழவில்லையாம்.

எனக்கு அது பாதிதான் புரிந்தது. உண்மையைச் சொன்னால், புதிதாகப் பிள்ளை பெற்றவளின் அழிச்சாட்டியம் என்றுதான் மனசுக்குள் நினைத்தேன். நானும் பன்னிரண்டு வருஷமாக வெளிநாட்டில்தான் இருக்கிறேன், குழம்பைப் பார்த்து எவன் அழுதான்? ஆனால் வேறு ஒரு கேள்வி உறுத்தியது. யாழ்ப்பாணத்து மாமி வைக்கிற குழம்பு எப்படி என் அம்மா குழம்பு மாதிரி இருக்கும்?

விடை மறுநாள் விடியற்காலையில் கிடைத்தது. மாமி குசினியில் போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, "ஓம் அக்கா, புளி கொஞ்சமாத்தான் விடுறன். பூண்டு எத்தினை பல்லு சொன்னனீங்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனுக்குள் என் அம்மா. குழந்தை பிறந்த நாளிலிருந்து தினம் நடக்கிறதாம் இது. இரண்டு பேருமே எங்களிடம் மூச்சு விடவில்லை. "தாயின்ர கைப்பக்குவம் கிடைச்சால் பிள்ளை தேறியிடுவாளெண்டு நினைச்சன்" என்றார் மாமி. பூண்டைக்கூட எங்களுக்காகப் பூண்டு என்றே சொல்லப் பழகியிருந்தார், அவர்கள் ஊரில் அதற்கு உள்ளி.

எப்படிச் சொல்வது? வேறு வழியில்லை. அம்மா போனை வைத்ததும் செல்வி சொன்னதை அப்படியே சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தார். முகத்தில் அடி விழுந்த மாதிரி இருந்தது. குழம்புச் சட்டியையே பார்த்தபடி, "அப்ப நான்தான் பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறன்" என்றார். நான் பதறிப்போனேன். அப்படியில்லை மாமி, நீங்கள் உங்கள் வீட்டு வழக்கப்படி வையுங்கள், எங்கள் அம்மாவை மறந்துவிடுங்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார். "சரி. அப்ப எங்கட முறையிலை குடுப்பம். அதுக்குச் சரக்கு வேணும் தம்பி. வீட்டிலை இல்லை. பக்கத்துத் தமிழ்க் கடையிலை இருக்கும், வாங்கிக்கொண்டு வாறீங்களே?"

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று பார்த்தேன். "செல்விக்கா?"

"வேற ஆருக்கு? காலமையும் பின்னேரமும் குடுக்க வேணும்."

"பால் குடிக்கிற பிள்ளை இருக்கே மாமி."

"பிள்ளைக்குத்தான் நல்லது. இவன் ரமணன் பிறந்த நேரம் நானும் சரக்கிலைதான் எழும்பினனான். நல்லதாப் பாத்து வாங்குங்கோ."

எங்கள் ஊரில் சரக்கு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நெற்றியில் திருநீறு, கோயிலில் தேவாரம் பாடுகிற குரல், இந்த மாமியா! ஆனால் பிள்ளை பெற்ற உடம்புக்கு ஒரு கரண்டி பிராந்தி கொடுப்பதை எங்கள் ஊரிலும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். குளிர்தேசம், இவர்கள் வழக்கம் இதுவாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனேன். கடையில் முன்பக்கம் காய்கறி, கல்லாவுக்குப் பின்னால் பாட்டில்கள். சரக்கு என்று கேட்க நாக்கூசியது, வெளிநாட்டில் நம் மரியாதை என்னாவது? "ஒரு பிராந்தி கொடுங்க. நல்லதா" என்றேன்.

"என்ன அண்ணை, விசேஷமே?" என்றார் கடைக்காரர்.

"எனக்கில்லை. ரமணன் வீட்டு மாமி கேட்டாங்க."

கடைக்காரர் பாட்டிலை எடுத்த கையோடு நின்றுவிட்டார். "தேவாரம் படிக்கிற மாமியோ?"

"ஆமா. காலையிலயும் சாயந்திரமும் வேணுமாம்."

அவர் பாட்டிலைக் கறுப்புப் பையில் சுற்றி, ரொம்ப மரியாதையாக என் கையில் கொடுத்தார்.

வீட்டில் மேசைமேல் பாட்டிலை எடுத்து வைத்தேன். மாமி பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன தம்பி இது?"

"சரக்கு."

மாமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கடவுளே. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு. இதுதானப்பா சரக்கு!" வேர்க்கொம்பு என்றால் சுக்கு. எங்கள் ஊரில் பலசரக்குக் கடை என்று போர்டு மாட்டித்தான் மல்லியும் மிளகும் விற்கிறோம். அதில் 'பல' போனதும் எங்கள் காதுக்குச் சரக்கு ஒன்றே ஒன்றாகிவிட்டது, நான் என்ன செய்ய?

"ஆரின்ர கடையிலை வாங்கினீங்கள்? எனக்கெண்டு சொன்னனீங்களோ?" என்று கேட்டார் மாமி. நான் தலையாட்டினேன். "காலையிலயும் சாயந்திரமும்னும் சொன்னேன்."

அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் செல்வி அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இனி நான் எந்த முகத்தோட கோயிலுக்குப் போறது பிள்ளை" என்று அவளிடம் முறையிட்ட மாமியும் பாதியில் சிரித்துவிட்டார். பாட்டிலை ரமணன் சாயந்திரம் பொறுப்பாக எடுத்து அலமாரியில் வைத்தார். அன்றைக்குக் குழம்பு யாருக்கும் இல்லை, செல்விக்கு என் சப்பான் கஞ்சி, எங்களுக்குப் பாண்.

மறுநாள் நானும் மாமியும் டூட்டிங் வரை நடந்தே போனோம். அந்தத் தமிழ்க் கடை வாசலைத் தாண்டும்போது மாமி குடையை முகத்துக்கு இறக்கிக்கொண்டார். சரக்கு ஐந்தும், பிஞ்சுக் கத்தரிக்காயும், சின்ன மீனும் வாங்கினோம். எதையும் கிள்ளிப் பார்த்து, மோந்து பார்த்து, கடைக்காரனை அலுக்கவைத்துத்தான் எடுத்தார். இத்தனை நாளும் அம்மா சொன்னபடி அளந்து அளந்து போட்ட மாமி வேறு, இந்த மாமி வேறு. வீட்டுக்கு வந்து சரக்கை வறுத்து அரைத்தார். வாசனை மாடிவரை போனது. புளியைப் பேருக்குக் காட்டி, உள்ளியை மட்டும் கை கொள்கிற மட்டும் உரித்துப் போட்டார். என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை.

செல்வி மேசைக்கே வந்து உட்கார்ந்தாள். முதல் வாய் வைத்தாள். நாங்கள் எல்லாரும் வேறு எங்கோ பார்க்கிற மாதிரி நின்றோம். இரண்டாவது வாய். மூன்றாவது. மீனின் முள்ளை எடுத்து ஓரத்தில் வரிசையாக வைக்க ஆரம்பித்தாள், சின்ன வயதில் ருசித்துச் சாப்பிடும்போது அப்படித்தான் செய்வாள். மாமி கரண்டியோடு குனிந்து, "காணுமோ பிள்ளை?" என்றார். அவர்கள் பேச்சில் காணும் என்றால் போதும். எங்கள் காதுக்கு எதுவோ தொலைந்துபோன மாதிரி கேட்கும். கல்யாணமாகி வந்து இத்தனை நாளில் எங்கள் ஊர்ப் பேச்சை ஒரு எழுத்துக்கூட விட்டுக்கொடுக்காத செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "காணாது மாமி. இன்னும் போடுங்க" என்றாள். மாமி சோற்றைப் போட்டுவிட்டு, சட்டியில் உப்புப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் வந்தாள். மகள் சாப்பிடுவதைப் பார்த்ததும் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "நான் சொன்ன மாதிரிதான வச்சிய சம்மந்தி?" என்றாள். மாமி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். செல்வி வாயில் சோற்றோடு, "இல்லம்மா. இது மாமி குழம்பு" என்றாள். அம்மாவின் பல் மறைந்தது. "நல்லாச் சாப்பிடட்டும். அதுதான வேணும்" என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். எனக்கு நன்றாகத் தெரியும், பால் ஒன்றும் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து அவளால் மகளுக்குச் செய்ய முடிந்தது பக்குவம் சொல்லுகிற அந்த ஒன்றுதான், அதுவும் இப்போது கையைவிட்டுப் போய்விட்டது.

நர்ஸ் மறுபடி வந்தபோது செல்வியை நிறுத்துப் பார்த்துவிட்டு அவள் தோளில் தட்டினாள். ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கவில்லை. சட்டியைத் திறந்து என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள், மாமி ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். நர்ஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காரத்தில்.

நான் கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. காலையில் குசினியில் பேச்சுக்குரல். போன் அதே சீனி டப்பாவில் சாய்ந்திருந்தது. "அக்கா, தம்பி இண்டைக்குப் போறார். அவருக்கு உங்கட குழம்பு வைச்சுக் குடுக்கப்போறன். திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ, எல்லாம் மறந்துபோச்சு" என்றார் மாமி. எதுவும் மறந்திருக்காது. அம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மிளகிலிருந்து ஆரம்பித்தாள். தோட்டத்தில் கிடந்த என் கருவாட்டையும் உள்ளே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அரைமணி நேரம் அம்மாவின் குரல் அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் எனக்கு எதிரே தட்டு வைத்தார்கள். செல்வி பக்கத்தில் அவள் குழம்போடு உட்கார்ந்திருந்தாள். டாக்ஸி வரப்போகிறது என்ற அவசரத்தில் நான் பெரிய கவளமாக உருட்டி வாயில் போட்டேன். காரல், மிளகு, நல்லெண்ணெய். பாளையங்கோட்டை வீட்டில், ஈரத்தலையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற அவசரத்தில், அம்மா பக்கத்தில் நின்று ஊற்றுகிற குழம்பு. நிமிர்ந்து பார்த்தேன், எதற்கு நிமிர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. மாமி நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாவது வாய் இறங்கவில்லை. மெல்லவும் முடியாமல், துப்பவும் முடியாமல், மாமி பார்க்கிறாரே என்று தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்கவும் இல்லை.

செல்வி தன் கிண்ணத்திலிருந்து மாமியின் குழம்பை ஒரு கரண்டி எடுத்து என் சோற்றின்மேல் ஊற்றினாள்.

"இதையும் சேத்துப் பெசஞ்சு சாப்பிடுண்ணே" என்றாள். "எறங்கிரும்."